ஒரு மெர்ல் அழகு, ரெண்டு மெர்ல் ஆபத்து: ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் நாயின் நிறக் கணக்கு

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கி, பேச்சு நடை மாறாமல் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் நாய் பத்தி. இன்னும் சரியா சொல்லணும்னா, ஒரு நாய் இனத்தோட நிறம் பத்தி.

ரீல்ஸ் பாக்குற பழக்கம் இருந்தா இந்த நாயைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. சாம்பல் நிற உடம்பு, அது மேல கறுப்பு மை தெறிச்ச மாதிரி திட்டுத் திட்டா புள்ளிகள், கால்ல செம்பு நிறம், நெஞ்சுல வெள்ளை, ஒரு கண்ணு நீலம், இன்னொரு கண்ணு பழுப்பு. அதுதான் ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட். செல்லமா ‘ஆஸி’. அந்தச் சாம்பல் திட்டு நிறத்துக்குப் பேரு ‘ப்ளூ மெர்ல்’.

இந்த நிறத்தைப் பார்த்துட்டுதான் பல பேர் இந்த நாய் மேல ஆசைப்படுறாங்க. ஆசைப்படுறதுல தப்பே இல்ல. ஆனா இந்த அழகுக்குப் பின்னாடி ஒரு சின்ன கணக்கு இருக்கு. எட்டாங்கிளாஸ் கணக்குதான். அது தெரியாம, இல்ல தெரிஞ்சும் கண்டுக்காம, ரெண்டு நாய்களைச் சேர்த்து வெச்சா, பிறக்குற குட்டிகள்ல சிலதுக்குக் காது கேக்காது, சிலதுக்குக் கண்ணு தெரியாது. அந்தக் கணக்கைத்தான் இன்னைக்குப் போடப் போறோம்.

பேர்ல ஆஸ்திரேலியா, ஊர் அமெரிக்கா

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் ஆஸ்திரேலியாவுல உருவான நாய் இல்ல. அமெரிக்காவோட மேற்குப் பகுதியில, ஆடு மாடு மேய்க்கிற பண்ணைகள்ல உருவான இனம். ஆஸ்திரேலியாவுல இருந்து ஆடுகள் கப்பல்ல வந்தப்போ கூடவே வந்த மேய்ப்பர்களும் நாய்களும்தான் இந்தப் பேருக்குக் காரணம்னு ஒரு விளக்கம் சொல்வாங்க. எப்படியோ, பேர் ஒட்டிக்கிச்சு.

ஊர் உலகத்துக்கு இந்த நாயைக் காட்டினது ரோடியோ மைதானங்கள். ஐடஹோ மாநிலத்துக்காரர் ஜே சிஸ்லர், 1950-கள்ல தன்னோட நாய்களை வெச்சு ரோடியோ இடைவேளைகள்ல வித்தை காட்டினார். கூட்டம் அதுங்க மேல கிறுக்கு புடிச்சுத் திரிஞ்சுது. 1957-ல ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் கிளப் ஆஃப் அமெரிக்கா தொடங்குச்சு. 1991-ல அமெரிக்கன் கென்னல் கிளப்பும் இந்த இனத்தை ஏத்துக்கிச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, இது அடிப்படையில வேலை பாக்குற நாய். மலைச்சரிவுல ரொம்ப தூரத்துல நிக்கிற மந்தையை, மேய்ப்பர் ஊதுற விசில் சத்தத்தைக் கேட்டு வளைச்சுக் கொண்டு வர்ற நாய். அதுக்குக் காதும் கண்ணும்தான் சொத்து. நிறம் அதோட கூட வந்தது. இந்த வரிசையை மனசுல வெச்சுக்கோங்க.

ரெண்டே ரெண்டு சாயம்

நாய்களோட நிறம் எவ்வளவு விதமா இருந்தாலும், அதுக்குள்ள இருக்குற சாயம் ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு யூமெலனின். அது கருஞ்சாயம். இன்னொண்ணு ஃபியோமெலனின். அது மஞ்சள்ல இருந்து செம்பு வரைக்கும் போற செஞ்சாயம். வெள்ளைன்னு தனியா ஒரு சாயம் கிடையாது. சாயம் இல்லாத இடம்தான் வெள்ளை.

ஆஸில அடிப்படை நிறம் ரெண்டு: கறுப்பு, சிவப்பு. இங்க ‘சிவப்பு’ன்னு சொல்றது உண்மையில செஞ்சாயம் இல்ல. அது பழுப்பா மாறின கருஞ்சாயம். ஒரு குறிப்பிட்ட ஜீன்ல மாற்றம் இருந்தா, கறுப்பா வர வேண்டிய சாயம் காப்பிக்கொட்டை நிறத்துல நின்னுடும். இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்னா, மூக்கைப் பாருங்க. சிவப்பு ஆஸிக்கு மூக்கும் கண் இமை ஓரமும் பழுப்பாத்தான் இருக்கும். உடம்புல எங்க தேடினாலும் ஒரு கறுப்பு முடி கிடைக்காது.

எல்லா ஜீனும் ஜோடியா வரும்ல? அம்மாகிட்ட இருந்து ஒரு பிரதி, அப்பாகிட்ட இருந்து ஒரு பிரதி. சிவப்பு வரணும்னா ரெண்டு பிரதியும் சிவப்பா இருக்கணும். ஒண்ணு கறுப்பா இருந்தாலே போதும், நாய் கறுப்புதான். அதனால ரெண்டு கறுப்பு நாய்க்கு சிவப்புக் குட்டி பிறக்கலாம். ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள ஒரு சிவப்புப் பிரதியை வெச்சிருந்தா, ஒவ்வொரு குட்டிக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. ஆனா ரெண்டு சிவப்பு நாய்க்குக் கறுப்புக் குட்டி பிறக்காது.

செம்பும் வெள்ளையும்

அடுத்தது செம்பு. கண்ணுக்கு மேல ரெண்டு பொட்டு, கன்னம், கால் இங்கெல்லாம் வர்ற செம்பு நிறம். இது அசல் செஞ்சாயம். எந்த இடத்துல கருஞ்சாயம், எந்த இடத்துல செஞ்சாயம்னு சொல்ற ஒரு ஜீன் இருக்கு. அதோட வேலை இது. சில ஆஸிகளுக்கு இந்தச் செம்பே இருக்காது. இன்னொரு ஜீன் வந்து, ‘எல்லா இடத்துலயும் கருஞ்சாயமே போடு’ன்னு மூடிடலாம். அந்த இன்னொரு ஜீன் எதுன்னு 2007-ல கண்டுபிடிச்சப்போ ஒரு ஆச்சரியம் இருந்துச்சு. அது கிருமிகளை எதிர்க்குற புரதங்களோட குடும்பத்தைச் சேர்ந்தது. நோய் எதிர்ப்புக் குடும்பத்துல பிறந்தது நாய்க்குச் சாயம் பூசுற வேலையைப் பாக்குது!

அப்புறம் வெள்ளை. கருவுக்குள்ள குட்டி உருவாகுறப்போ, சாயம் செய்யுற செல்கள் முதுகுத்தண்டு ஓரமா பிறந்து, அங்க இருந்து உடம்பு முழுக்க நடந்து போகும். ரொம்ப தூரம் போக வேண்டிய இடங்கள் எது? பாதம், நெஞ்சு, மூக்கு நுனி. அங்க வரைக்கும் செல்கள் போய்ச் சேரலன்னா அந்த இடம் வெள்ளையா நின்னுடும். வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால், வெள்ளைக் காலர், நெத்தியில வெள்ளைக் கோடு, எல்லாம் இப்படி வந்ததுதான்.

சரி, கூட்டிப் பாக்கலாம். கறுப்பு, சிவப்பு, ப்ளூ மெர்ல், ரெட் மெர்ல்னு நாலு நிறம். ஒவ்வொண்ணுலயும் செம்பு இருக்கலாம், இல்லாம இருக்கலாம். வெள்ளை இருக்கலாம், இல்லாம இருக்கலாம். நாலை ரெண்டால பெருக்கி, திரும்ப ரெண்டால பெருக்கினா 16 விதம். நம்ம ஊர்ல மாட்டுக்கு மயிலை, செவலை, காரி, மறைன்னு சொல்லிப் பிரிக்கிற மாதிரி, ஆஸிக்காரங்களும் இந்த 16-ஐயும் பேர் சொல்லியே கூப்பிடுவாங்க.

முக்கியமான விஷயம், அமெரிக்கன் கென்னல் கிளப்போட இன வரையறையில இந்த நாலு நிறத்துக்கும் நடுவுல எது ஒசத்தி, எது கம்மின்னு எந்த வரிசையும் கிடையாது. கறுப்பு ஆஸியும் ப்ளூ மெர்ல் ஆஸியும் ஒண்ணுதான். ஒண்ணை ‘ரேர்’னு சொல்லி விலை ஏத்துறது விக்கிறவங்க செய்யுற வேலை.

மெர்ல்: புள்ளி இல்லாத கோலம்

இப்போ கதாநாயகன் மெர்லுக்கு வரலாம்.

மெர்ல்னு ஒரு தனி நிறம் கிடையாது. அது அடிப்படை நிறத்து மேல நடக்குற ஒரு விளையாட்டு. கறுப்பு நாய் மேல நடந்தா ப்ளூ மெர்ல், சிவப்பு நாய் மேல நடந்தா ரெட் மெர்ல். ‘ப்ளூ’ன்னு சொல்றது நீலம் இல்ல, நீர்த்துப் போன கறுப்பு, அதாவது சாம்பல்.

இது எப்படி நடக்குது? 2006-ல டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல லீ ஆன் கிளார்க், கீத் மர்ஃபி இருந்த குழு இதைக் கண்டுபிடிச்சாங்க. பிமெல்னு ஒரு ஜீன். அதுக்கு நடுவுல, சம்பந்தமே இல்லாத ஒரு டிஎன்ஏ துண்டு வந்து செருகிக்கிச்சு. தன்னைத் தானே நகல் எடுத்து வேற இடத்துல போய் ஒட்டிக்கிற வகைத் துண்டு அது. அழையா விருந்தாளின்னு வெச்சுக்கோங்க.

பிமெலோட வேலை என்னன்னா, சாயம் தயாராகுற சின்னச் சின்னப் பைகளுக்குள்ள நார் மாதிரி ஒரு சட்டம் கட்டுறது. கருஞ்சாயம் அந்தச் சட்டத்து மேலதான் ஒழுங்கா படியும். புள்ளி வெச்சுப் போடுற கோலம் மாதிரி. புள்ளியைக் கலைச்சுட்டா கோலம் கோணிப் போகும்ல? மெர்ல்ல அதுதான் நடக்குது. சட்டம் சரியில்லாததால கருஞ்சாயம் ஒழுங்கா படியாம, சாம்பலா நிக்குது.

செஞ்சாயத்துக்கு இந்தச் சட்டம் தேவையில்ல. அதனாலதான் ப்ளூ மெர்ல் ஆஸியோட கால்ல செம்பு மட்டும் அப்படியே பளிச்சுன்னு இருக்கு. உடம்பு நீர்த்துப் போனாலும் செம்பு நீர்க்காது. அடுத்த தடவை படம் பாக்குறப்போ கவனிச்சுப் பாருங்க.

சரி, அப்போ நடுவுல அந்தக் கறுப்புத் திட்டு எப்படி வருது? அதுக்கு ஆய்வாளர்கள் தர்ற விளக்கம் அழகானது. அந்தச் செருகின துண்டுக்கு ஒரு வால் இருக்கு. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வர்ற நீளமான வால். செல்கள் பிரிஞ்சு பெருகுறப்போ இந்த மாதிரி வால்களை நகல் எடுக்குறதுல பிசகு வரும். ‘ஆஆஆஆ’ன்னு நூறு தடவை எழுதச் சொன்னா நாம தொண்ணூறோட நிறுத்திடுவோம்ல, அது மாதிரி. வால் போதுமான அளவு சுருங்கிட்டா, அந்த ஜீன் திரும்ப ஒழுங்கா வேலை செய்ய ஆரம்பிக்கும். அந்தச் செல்லோட வாரிசுகள் எல்லாம் முழுக் கறுப்பா சாயம் போடும். அதுதான் திட்டு. கரு வளர்ற நேரத்துல எந்த செல்லுல, எப்போ இது நடக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் ஒரு மெர்ல் நாய் மாதிரி இன்னொரு மெர்ல் நாய் இருக்கவே இருக்காது. நம்ம கைரேகை மாதிரி.

கண்ணும் அப்படித்தான். கருவிழிப் படலத்துல சாயம் கம்மியானா கண்ணு நீலமா தெரியும். அங்க நீலச் சாயம் எதுவும் இல்ல, வானம் நீலமா தெரியுற மாதிரி ஒளி சிதறுற விளையாட்டுதான். பாதி நீலம் பாதி பழுப்புன்னு ஒரே கண்ணுலகூட வரும். ஆனா நீலக் கண்ணு இருந்தாலே மெர்ல்னு முடிவு கட்டிடாதீங்க. மெர்ல் இல்லாத ஆஸிக்கும் நீலக் கண்ணு வரலாம். அது வேற ஜீன் வழியா வர்றது.

எட்டுக் குட்டிக் கணக்கு

இப்போதான் கணக்கு. பேப்பர் பேனா வேண்டாம், மனசுலயே போடலாம்.

மெர்ல் தெரியணும்னா ஒரு பிரதி போதும். ஒரு பக்கம் மெர்ல், ஒரு பக்கம் சாதா. இது ‘சிங்கிள் மெர்ல்’. நீங்க ரசிக்கிற அந்த அழகான ஆஸி இதுதான். ரெண்டு பக்கமும் மெர்ல் வந்துட்டா ‘டபுள் மெர்ல்’. பெரும்பாலும் உடம்புல நிறைய வெள்ளை, அங்கங்க மட்டும் கொஞ்சம் நிறம். பிரச்சினை இங்கதான்.

முதல் ஜோடி: ஒரு மெர்ல் நாய், ஒரு சாதா நாய். சராசரியா எட்டுக் குட்டிக்கு நாலு மெர்ல், நாலு சாதா. அவ்வளவுதான். டபுள் மெர்ல் பிறக்க வழியே இல்ல, ஏன்னா ரெண்டாவது மெர்ல் பிரதியைக் கொடுக்க ஆளே இல்ல.

ரெண்டாவது ஜோடி: மெர்ல் நாய், மெர்ல் நாய். எட்டுக் குட்டியில சராசரியா ரெண்டு சாதா, நாலு சிங்கிள் மெர்ல், ரெண்டு டபுள் மெர்ல்.

இப்போ ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதல் ஜோடியில ஆரோக்கியமான மெர்ல் குட்டி எத்தனை? நாலு. ரெண்டாவது ஜோடியில? அதே நாலு! ஒண்ணுகூட கூடல. ‘ரெண்டு பக்கமும் மெர்ல் இருந்தா மெர்ல் குட்டி நிறைய வரும்’னு நினைச்சு செய்யுறாங்க. ஆனா நடந்தது என்ன? முதல் ஜோடியில சாதாவா பிறந்திருக்க வேண்டிய ரெண்டு குட்டி, இங்க டபுள் மெர்லா பிறக்குது. லாபம் பூஜ்யம். நஷ்டம் அந்த ரெண்டு குட்டிக்கு.

இது சராசரிதான். ஒவ்வொரு குட்டியும் தனித்தனியா சுண்டுற காசு. ஒரு பிரசவத்துல டபுள் மெர்லே வராம போகலாம், இன்னொண்ணுல நாலு வரலாம். ‘போன தடவை ஒண்ணும் ஆகலயே’ன்னு யாராவது சொன்னா, காசு அவங்க பக்கம் விழுந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம்.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறம் போச்சுன்னா வெள்ளையா இருந்துட்டுப் போகட்டுமே, காது ஏன் கேக்காம போகுது? இதுதான் எனக்கே ரொம்பப் பிடிச்ச பகுதி.

சாயம் செய்யுற செல்கள் தோலுக்கு மட்டும் போறதில்ல, உள்காதுக்கும் போகும். அங்க நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு இருக்குல்ல, அதோட ஒரு சுவர்ல உட்கார்ந்துக்கும். அங்க அதுங்களுக்குச் சாயம் பூசுற வேலை இல்ல. உள்ள இருக்குற திரவத்துல பொட்டாசியம் அளவைச் சரியா வெச்சுக்க உதவணும். ஒலியை நரம்புச் சமிக்ஞையா மாத்துற நுண்ணிய முடி செல்கள் அந்தத் திரவத்தை நம்பித்தான் வாழுது. ஒரு பேட்டரி மாதிரின்னு வெச்சுக்கோங்க. சாயச் செல் இல்லன்னா பேட்டரி சார்ஜ் ஆகாது. குட்டி பிறந்து சில வாரங்களுக்குள்ளயே அந்தச் சுவர் சுருங்கி, முடி செல்கள் செத்துப் போகும். அதுக்கப்புறம் திரும்ப வராது.

இதைப் பத்தி லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் தலைமையில ஒரு ஆய்வு 2009-ல வந்துச்சு. பல இனங்களைச் சேர்ந்த 153 மெர்ல் நாய்களுக்குக் காதைச் சோதிச்சாங்க. சிங்கிள் மெர்ல் நாய்கள்ல 2.7 சதவீதத்துக்கு ஒரு காது கேக்கல, 0.9 சதவீதத்துக்கு ரெண்டு காதும் கேக்கல. டபுள் மெர்ல்ல? 10 சதவீதத்துக்கு ஒரு காது, 15 சதவீதத்துக்கு ரெண்டு காதும். அதாவது நாலுல ஒரு டபுள் மெர்ல் நாய்க்குக் காதுல பிரச்சினை. இனத்துக்கு இனம் இந்த எண் மாறும். ஆனா திசை ஒண்ணுதான்.

கண்ணுலயும் இதே கதை. கண்ணு வழக்கத்தைவிடச் சின்னதா இருக்கறது, கண்மணி நடுவுல இல்லாம ஓரமா நகர்ந்து இருக்கறது, கருவிழிப் படலத்துல ஒரு பகுதி உருவாகாமலே போறது. சில குட்டிகளுக்குப் பார்வையே இருக்காது. காதும் கண்ணும் சேர்ந்து போன குட்டிகளும் உண்டு.

இன வரையறையில ஒரு விதி இருக்கு: காதைச் சுத்தியும் கண்ணைச் சுத்தியும் வெள்ளையைவிட நிறமே அதிகமா இருக்கணும், உடம்புல வெள்ளைத் திட்டு இருந்தா தகுதி நீக்கம். மேலோட்டமா பார்த்தா ஃபேஷன் ஷோ விதி மாதிரி இருக்கும். ஆனா வெளிய வெள்ளைன்னா உள்ளயும் சாயச் செல் இல்லாம இருக்கலாம்ங்கிறதோட இது பொருந்திப் போகுது.

இன்னொரு வார்த்தை பத்தியும் சொல்லிடறேன். இந்தக் குட்டிகளை ‘லீத்தல் ஒயிட்’னு, சாகப் போற வெள்ளைன்னு சிலர் சொல்வாங்க. அது குதிரைகள்ல இருக்குற வேற ஒரு நோயோட பேரு. அங்க குட்டி சில நாள்லயே இறந்துடும். டபுள் மெர்ல் நாய் அப்படிச் சாகுறதில்ல. அந்தப் பேரை வெச்சே பிறந்ததும் குட்டிகளைக் கொன்னுடுற பழக்கமும் இருந்திருக்கு. காது கேக்காத நாய், கைச் சைகையைப் பார்த்துப் பழகிக்கும். தூங்குறப்போ தொட்டு எழுப்பாம, தரையைத் தட்டி அதிர்வு கொடுத்து எழுப்பணும். ரோட்டுல கயிறில்லாம விடக் கூடாது. இதெல்லாம் பார்த்துக்கிட்டா நல்லாவே வாழும். பிறந்த குட்டிக்கு வாழ்க்கை கொடுக்கறது ஒரு பக்கம். தெரிஞ்சே அப்படி ஒரு குட்டியை உருவாக்கறது வேற பக்கம். ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.

இங்கிலாந்தோட கென்னல் கிளப், 2013-ல இருந்து ரெண்டு மெர்ல் பெற்றோருக்குப் பிறந்த மெர்ல் குட்டிகளைப் பதிவு செய்யறதில்லன்னு நிறுத்திடுச்சு.

ஒளிஞ்சிருக்குற மெர்ல்

‘சரி, ரெண்டு மெர்லைச் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதானே? பார்த்தாலே தெரியுமே’ன்னு நீங்க நினைக்கலாம். எப்பவும் தெரியாது.

அந்த வால் நினைவிருக்கா? பிறவியிலேயே வால் ரொம்பக் குட்டையா இருந்தா, மெர்ல் துண்டு இருந்தும் உடம்புல எதுவும் தெரியாது. ‘கிரிப்டிக் மெர்ல்’னு சொல்வாங்க. இதுல சிக்கல் கம்மிதான், ஆனா வால் நீளம் தலைமுறைக்குத் தலைமுறை மாறலாம்.

பெரிய சிக்கல் வேற இடத்துல. மெர்ல் கருஞ்சாயத்தை மட்டும்தான் தொடும்னு சொன்னேன்ல? அப்போ முடியில கருஞ்சாயமே இல்லாத ஒரு மஞ்சள் நாய் இருந்தா? உள்ளுக்குள்ள முழு மெர்ல் இருந்தாலும் வெளிய ஒரு தடயமும் இருக்காது. ஆஸில அபூர்வமா இப்படி மஞ்சள் நாய் பிறக்கும். அதைச் சாதா நாய்னு நம்பி ஒரு ப்ளூ மெர்லோட சேர்த்தா, டபுள் மெர்ல் குட்டி பிறக்கலாம். அதனால கண்ணை நம்பாதீங்க, டெஸ்ட்டை நம்புங்க. கன்னத்துக்குள்ள ஒரு பஞ்சுக் குச்சியைத் தேய்ச்சு அனுப்பினா போதும், வால் நீளம் வரைக்கும் சொல்லிடுவாங்க.

கோலி, ஷெல்டி, பார்டர் கோலி, ‘டாப்பிள்’னு பேர் மாறி டாஷண்டுன்னு பல இனங்கள்ல இருக்கறது இதே செருகல்தான். அதனால இன்னைக்குப் போட்ட கணக்கு அதுங்களுக்கும் பொருந்தும். மெர்லே இல்லாத இனத்துல திடீர்னு ‘மெர்ல்’ குட்டின்னு விளம்பரம் வந்தா, எங்கேயோ வேற இனம் கலந்திருக்குன்னு சந்தேகப்படலாம்.

வெள்ளைக் கால் சொல்லாத விஷயம்

நிறத்தை வெச்சு உடம்பைக் கணிக்கிறது எங்க உதவாதுன்னும் ஒரு உதாரணம் சொல்லணும்.

கால்நடை மருத்துவர்கள் நடுவுல பழைய ஒரு சொலவடை உண்டு: வெள்ளைப் பாதம் இருந்தா அந்த மருந்தைக் கொடுக்காதேன்னு. கோலி வகை மேய்ப்பு நாய்கள் சிலதுக்கு ஐவர்மெக்டின் கொடுத்தா மயங்கி விழுந்து, செத்தும் போச்சு. அதுங்க பல சமயம் வெள்ளைக் கால் நாய்களா இருந்ததால வந்த பேச்சு அது. 2001-ல வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல காட்ரினா மீலி குழு உண்மைக் காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க: எம்டிஆர்1ங்கிற ஜீன். மூளைக்குள்ள நுழையுற சில மருந்துகளை வெளிய தள்ளுற காவலாளியை அது உருவாக்குது. அதுல பழுது இருந்தா மருந்து உள்ளயே தங்கிடும். நிறத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கால் முழுக்க செம்பா இருக்குற ஆஸிக்கும் இது இருக்கலாம்.

ஆஸிகள்ல ஏறக்குறைய பாதி நாய்களுக்கு இந்தப் பழுது குறைஞ்சது ஒரு பிரதியிலயாவது இருக்கு. இது நமக்கு ஏன் முக்கியம்? நம்ம ஊர்ல உண்ணிக்கும் சொறிக்கும் ஐவர்மெக்டின் ஊசி போடறது ரொம்ப சாதாரணம். இதயப் புழுவைத் தடுக்கக் கொடுக்குற சின்ன அளவு பிரச்சினை இல்ல. சொறிக்குக் கொடுக்குற பெரிய அளவுதான் ஆபத்து. மனுஷங்க வயித்துப்போக்குக்குப் போடற லோப்பராமைடு மாத்திரையும் இந்தப் பட்டியல்ல இருக்கு. ஆஸியோ கோலியோ வளக்குறவங்க, டாக்டர்கிட்ட போனதும் முதல் வார்த்தையா ‘இது மேய்ப்பு இனம், எம்டிஆர்1 பிரச்சினை இருக்கலாம்’னு சொல்லிடுங்க.

குட்டி எடுக்கப் போறீங்களா?

கேட்க வேண்டியது நாலே நாலு.

ஒண்ணு, அம்மா அப்பா ரெண்டு பேரோட மெர்ல் டெஸ்ட் ரிசல்ட். ‘அப்பா நாய் வெளியூர்ல இருக்கு, போட்டோ மட்டும்தான்’னு சொன்னா யோசிங்க. போட்டோவுல மெர்ல் ஒளிஞ்சுக்கும், டெஸ்ட்ல ஒளிஞ்சுக்காது.

ரெண்டு, பேயர் டெஸ்ட். குட்டிக்கு ஒண்ணரை மாசம் ஆனதும் செய்யலாம். காதுல சின்னச் சத்தம் கொடுத்து, தலையில வெச்ச மெல்லிய கம்பிகள் வழியா மூளையோட பதிலைப் பதிவு செய்வாங்க. கை தட்டிப் பாக்கறது போதாது. குட்டி அதிர்வை உணரும், பக்கத்துக் குட்டி திரும்பறதைப் பார்த்துத் திரும்பும். ஒரு காது மட்டும் கேக்கலன்னா வீட்டுல கண்டுபிடிக்கவே முடியாது. இந்த டெஸ்ட் எல்லா ஊர்லயும் கிடைக்காது. கிடைக்கலன்னா, காதைச் சுத்தி முழுக்க வெள்ளையா இருக்குற குட்டி விஷயத்துல கூடுதல் கவனமா இருங்க.

மூணு, எம்டிஆர்1 டெஸ்ட். இதுவும் அதே பஞ்சுக் குச்சி வேலைதான்.

நாலு, உங்களை நீங்களே கேட்டுக்க வேண்டியது. இது நாள் முழுக்க மந்தை பின்னாடி ஓடறதுக்குன்னு உருவான நாய். ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுல, காலையில பத்து நிமிஷம் கீழ கூட்டிட்டுப் போயிட்டு வந்தா அதுக்குப் பத்தாது. வேலை கொடுக்கலன்னா அதுவே ஒரு வேலையைத் தேடிக்கும். அது பெரும்பாலும் உங்க சோஃபாவா இருக்கும்.

முழுக்க வெள்ளையா, ரெண்டு கண்ணும் நீலமா ஒரு ஆஸி குட்டியைக் காட்டி, ‘ரொம்ப ரேர் சார், அதான் இந்த விலை’ன்னு யாராவது சொன்னா, இன்னைக்குப் போட்ட கணக்கை நினைச்சுக்கோங்க. அதுக்கு ரேர்னு பேர் வெச்சவர், பெரும்பாலும் ரெண்டு மெர்லைச் சேர்த்து வெச்சவர். நீங்க கொடுக்குற காசு, அடுத்த ஜோடியையும் அதே மாதிரி சேர்க்கச் சொல்ற காசு. அந்த மாதிரிக் குட்டிக்கு வீடு கொடுக்க ஆசைப்பட்டா, யாரோ கைவிட்ட டபுள் மெர்லைத் தத்தெடுங்க. அதுக்கு விலை கிடையாது, பொறுமை மட்டும்தான் வேணும்.

மெர்ல் மேல எனக்குக் கோவம் எதுவும் இல்ல. ஒரு பிரதி இருந்தா, உலகத்துல வேற எந்த நாய் மேலயும் இல்லாத ஒரு ஓவியம் அது. பக்கத்துல ஒரு கறுப்பு ஆஸியை நிறுத்தினா, அந்த ஓவியம் அடுத்த தலைமுறைக்கும் பத்திரமா போகும். யாரும் போட்டோ எடுக்காத அந்தக் கறுப்பு நாய்தான் இந்தக் கதையில பாதி வேலையைப் பாக்குது.

நாய் வாங்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருக்குற நண்பர் யாராவது இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பி வைங்க. கேள்வி இருந்தா எழுதுங்க.